சிரமம் யார் தலையில்?

(சென்னிமலையில் கைத்தறி நெசவாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வலைதளம் செய்ய எந்தத் தொழில்நுட்பத்தை எடுப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரியாக்ட், ஆங்குலர், வேர்ட்பிரஸ் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லப் போகிறேன் என்று மாணவர்கள் நோட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயர்களுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த வலைதளத்திலும் கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சிரமத்தைத் தளத்தைச் செய்கிறவர் ஒருமுறை பட்டுத் தீர்க்கலாம். இல்லையென்றால் அதைத் திறக்கிற அத்தனை பேரும் திறக்கும்போதெல்லாம் படலாம். எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தாலும் இந்தப் பங்கீடு நடந்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து பேசாமலே நடந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இங்கே பக்கத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். உதவித்தொகை ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் இருப்பது மருமகளுடைய போன். வாங்கிச் சில வருடங்கள் ஆன, விலை குறைந்த ஆண்ட்ராய்டு. பெரியவர் தறிக்குழியை விட்டு எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர், ஆதார் எண், முகவரி எல்லாவற்றையும் மருமகள் நிரப்புகிறார். பிறந்த தேதிக்கு வந்ததும் ஒரு காலண்டர் திறக்கிறது. அது நடப்பு மாதத்தில் நிற்கிறது. அம்புக்குறியை ஒருமுறை அமுக்கினால் ஒரு மாதம் பின்னால் போகும். 60 வருடம் பின்னால் போக 720 முறை அமுக்க வேண்டும். மேலே இருக்கும் ஆண்டைத் தொட்டால் பட்டியல் விரியும் என்பது அந்தக் காலண்டரைச் செய்தவருக்குத் தெரியும். திண்ணையில் இருக்கிறவர்களுக்கு அதை யார் சொல்வது? எப்படியோ தாண்டினார்கள். அடுத்து ஓடிபி. மெசேஜ் வந்த சத்தம் கேட்டு அதைப் பார்க்கப் போனார் மருமகள். ஆறு இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தால் விண்ணப்பம் மொத்தமும் வெறுமையாகக் கிடக்கிறது.

“ஏங்கண்ணு, மறுக்கா மொதல்ல இருந்தா?” என்றார் பெரியவர்.

“ஆமாங்க மாமா” என்றது அந்தப் பெண். குரலில் ஏதோ தான்தான் கெடுத்துவிட்டது போல ஒரு கூச்சம்.

அந்தப் பெண் எதையும் கெடுக்கவில்லை. நினைவகம் குறைந்த போனில் ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குப் போனால், போன் முதலாவதை மூடிவிடும். திரும்பி வரும்போது பிரவுசர் அந்தப் பக்கத்தைப் புதிதாக ஏற்றும். எழுதியது போய்விடும். விண்ணப்பத்தைச் செய்தவரின் மேசையில் இருந்த கணினியில் இது ஒருநாளும் நடந்திருக்காது. மறுநாள் கணினி மையத்துக்குப் போய்ப் பணம் கட்டி முடித்தார்கள். அரைநாள் தறி நின்றது.

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. எழுதுவதை எழுத எழுதப் போனிலேயே சேமித்து வைக்கலாம். சில வரி நிரல் போதும். ஓடிபி பெட்டியில் ஒரு குறிப்பைச் சேர்த்தால், மெசேஜில் வந்த எண்ணைப் பல போன்களில் கீபோர்டே எடுத்துக் காட்டும். பக்கத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பிறந்த தேதிக்குக் காலண்டரே வேண்டாம். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி வைத்து எழுதச் சொன்னால் போதும். பிரிட்டன் அரசின் வலைதளங்களுக்கான வடிவமைப்பு விதி அப்படித்தான் சொல்கிறது. எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த தேதியை எதற்குத் தேடிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்?

ஒரு வீட்டுக் கதையை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். தமிழ் இணையத்தின் கதையே இதுதான் என்று காட்டுகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கிருக்கும் தம்பி தங்கைகள் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

தமிழ் இணையத்துக்கு வந்த 1990களில், தமிழ் எழுத்து என்பது கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஃபான்டுகளால்தான் வேலை நடந்தது. பாமினி ஃபான்டை இன்றும் நம் ஊர் டிடிபி கடைகளில் பார்க்கலாம். அதில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் எப்படி இருக்கிறது தெரியுமா? ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இந்த ஐந்து குறிகள்தாம். பாமினி ஃபான்ட் இருக்கிற கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது ஜே கே பி ஓ. ஆளுக்கொரு ஃபான்ட் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் வேறு வேறு இடத்தில் இருந்தன. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் குப்பையாகத் தெரியும்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் என்று பல நாட்டுத் தமிழர்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டார்கள். மின்னஞ்சலில் விவாதித்து விவாதித்தே திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ்நாடு அரசின் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இவ்வளவு நடந்தும், பெரிய பத்திரிகைகளின் தளங்கள் தங்கள் தங்கள் சொந்த ஃபான்டிலேயே நின்றன. ‘இப்பக்கத்தைப் படிக்க எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்ற வரி முகப்பில் இருக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர், அந்தக் கணினியில் ஃபான்ட் பதிய அனுமதி இல்லாமல், கடைக்காரரைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். பிறகு ஃபான்ட் தானாகவே இறங்கும் ஏற்பாடு வந்தது. அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஒழுங்காக ஓடும்.

அந்தத் தேர்வைச் செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் அதைத் திரையில் சரியாகக் காட்டும் விண்டோஸ் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது, லதா என்ற எழுத்துருவோடு. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட ‘சிக்கலான எழுத்துமுறை’ என்ற பெட்டியில் டிக் அடித்து, சிடியைப் போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். எங்கும் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்த நாளில் யூனிகோடுக்கு மாறியிருந்தால் வாசகர் இன்னும் அதிகம் அவதிப்பட்டிருப்பார். வாசகரை முன்னால் வைத்து யோசிப்பவருக்கு 2000இல் ஒரு விடையும் சில ஆண்டுகள் கழித்து வேறு விடையும் கிடைத்திருக்கும். தவறு எங்கே நடந்தது என்றால், எக்ஸ்பி பரவி, கூகுள் யூனிகோடுத் தமிழைத் தேடத் தொடங்கிய பிறகும் பல தளங்கள் அசையவில்லை. அச்சுப் பிரிவின் மென்பொருள் பழைய ஃபான்டில் இருந்தது, ஊழியர்களின் கை அதில் பழகியிருந்தது, மாற்றினால் வேலை. அந்த வேலை முழுவதும் வாசகர் தலையில் ஏறியது. தேடுபொறிக்கு ஜே கே பி ஓ புரியாது. அதனால் வருடக்கணக்கான தமிழ்ச் செய்திகளும் கட்டுரைகளும் தேடலில் அகப்படாமலே கிடந்தன. தளங்கள் மாறியபோது அதில் எவ்வளவோ காணாமலும் போயிற்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மதுரைத் திட்டத்தை வையுங்கள். கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கும் முயற்சி. சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. தொடக்கத்தில் மயிலை, இணைமதி ஃபான்டுகளில் நூல்கள் வந்தன. திஸ்கி வந்ததும் அதற்கு மாற்றினார்கள். யூனிகோடு நிலைபெற்றதும் மறுபடியும் அத்தனையையும் மாற்றினார்கள். வாசகரிடம் ‘நீ மாறிக்கொள்’ என்று சொல்லவில்லை. தாங்கள் சிரமப்பட்டு மாற்றினார்கள். இன்று இந்த அவையில் யாராவது போனை எடுத்து ஒரு சங்கப் பாடலின் சொல்லைத் தேடினால் அந்த நூல் வந்து நிற்கிறது. பணம் உள்ளவர்களால் முடியாததை இவர்கள் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

2010 ஜூன் 23இல் கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கியது. உங்களில் பலர் கொடிசியா வளாகத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. அதே காலத்தில் கையடக்கப் போன்களில் இன்னொரு போராட்டம். ஆரம்பகால ஆண்ட்ராய்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது ஓபரா மினி என்ற பிரவுசர் ஒரு வழி வைத்திருந்தது. அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஒரு விருப்பத்தை மாற்றினால், தமிழ் எழுத்தை அவர்களுடைய சர்வரே படமாக்கி அனுப்பும். சாதாரண நோக்கியா போனில்கூடத் தமிழ் படிக்க முடிந்தது. இந்த வித்தையை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான் தமிழ் வாசகர்கள் போனுக்கு வந்தார்கள்.

இப்போது நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘சென்னிமலை’ என்று யூனிகோடில் எழுதினால் ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மொத்தம் 27 பைட். அதே பெயரை அழகான எழுத்தில் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டினால் சில ஆயிரம் பைட் ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 27 பைட்டைத் தேடலாம், பெரிதாக்கலாம், நகலெடுத்து மாமனுக்கு அனுப்பலாம், மொழிபெயர்க்கலாம். படத்தைப் பார்க்கத்தான் முடியும். அதுவும் கண் தெரிந்தவர்களுக்கு.

கந்த சஷ்டி கவசம் இந்த மலையில்தான் அரங்கேறியது என்று நம் ஊர் வழக்கு. பார்வையற்ற பக்தர் ஒருவர் அதை இணையத்தில் எழுத்தாகத் தேடுகிறார் என்று வையுங்கள். அவர் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கி, இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அது. தமிழையும் வாசிக்கும். யூனிகோடில் இருக்கும் கவசத்தை அது தமிழாகவே சொல்லும். பாமினியில் இருந்தால் ஆங்கில எழுத்துகளாக உளறும். படமாக இருந்தால் மௌனமாகத் தாண்டிப் போய்விடும். மூன்று தளத்தையும் செய்தவர்கள் முருகன்மேல் ஒரே அளவு பக்தி உள்ளவர்களாக இருக்கலாம். அந்தப் பக்தருக்குக் கவசம் கிடைத்ததா இல்லையா என்பதை முடிவு செய்தது தொழில்நுட்பத் தேர்வு.

தமிழருக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். இணைய வேகத்தில் உலகுக்கே முன்னால் நின்ற தென்கொரியா இதைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. 1990களின் இறுதியில் வலுவான மறைகுறியாக்க மென்பொருளை வெளிநாட்டுக்குக் கொடுக்க அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்தது. கொரியா தனக்கென்று சீட் என்ற முறையை உருவாக்கிக்கொண்டது. பிரவுசரில் அதை ஓட்ட மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸைப் பிடித்தார்கள். ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடும். அன்றைக்கு அது அவசரத்துக்கு நல்ல முடிவுதான். ஆனால் வங்கி, கடை, அரசு அலுவலகம் எல்லாமே அதன்மேல் ஏறிக்கொண்டன. ஆப்பிள் கணினி வைத்திருந்தவரால் வீட்டிலிருந்து வங்கி வேலை செய்ய முடியவில்லை. 2014இல் ஒரு கொரியத் தொடரின் நாயகி அணிந்த மேலங்கியை வாங்க ஆசைப்பட்ட சீன ரசிகர்களால், இந்த வேலிகளைத் தாண்டிப் பணம் கட்ட முடியவில்லை என்பதை நாட்டின் அதிபரே கூட்டத்தில் எடுத்துப் பேசினார். இந்த ஏற்பாட்டோடு ஒட்டியிருந்த பழைய மின் சான்றிதழ் முறையின் தனி அந்தஸ்தை நீக்கும் சட்டம் 2020 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய இருபது வருடம் ஒரு நாட்டின் மக்கள் ஒரே கம்பெனியின் ஒரே பிரவுசருக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15இல் நிறுத்திவிட்டது.

வலையின் தரங்களை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். டபிள்யூ3சி அமைப்பின் எச்டிஎம்எல் வடிவமைப்புக் கோட்பாடுகளில் 2007இலேயே அது இருக்கிறது. முரண்பாடு வந்தால் முதலில் பயன்படுத்துகிறவர், பிறகு பக்கத்தை எழுதுகிறவர், பிறகு பிரவுசர் செய்கிறவர், பிறகு தரத்தை வகுக்கிறவர், எல்லோருக்கும் கடைசியில் கோட்பாட்டுத் தூய்மை. 2020இல் இணையத் தர அமைப்பு ஒன்று இதே கருத்தைத் தனி ஆவணமாகவே வெளியிட்டது, இணையம் அதன் கடைசிப் பயனாளருக்கே என்ற தலைப்பில். நடைமுறையில் பல இடங்களில் வரிசை தலைகீழாக நிற்கிறது. டெண்டர் எடுத்த நிறுவனத்துக்கு எது தெரியுமோ அது முதலில், அதிகாரிக்கு எந்த முகப்புப் பிடித்ததோ அது அடுத்தது, திறக்கிறவர் கடைசியில்.

சரி, எப்படிக் கட்டுவது? நம் மலையைப் பாருங்கள். ஏற 1320 படி இருக்கிறது. வண்டி போகச் சாலையும் இருக்கிறது. சாலை போட்டபோது படியை யாரும் இடிக்கவில்லை. முடியாதவர்கள் பஸ்ஸில் போகிறார்கள், சாலையில் வேலை நடந்து வண்டி நின்றால் படியில் போகிறார்கள். வலைதளத்தையும் அப்படித்தான் கட்ட வேண்டும். முதலில் வெறும் எச்டிஎம்எல்லில் எழுத்தும் இணைப்பும் விண்ணப்பமும் வேலை செய்ய வேண்டும். அதன்மேல் அழகு. அதற்கும் மேல் ஜாவாஸ்கிரிப்ட் செய்கிற வேகமும் வசதியும். மேலே உள்ளது எது நின்றாலும் கீழே உள்ளது ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்டீவன் சாம்பியன் என்பவர் 2003இல் இதற்குப் பெயர் வைத்தார். நாம் படிப்படியான மேம்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

‘இந்தக் காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத போன் எங்கே இருக்கிறது’ என்று மாணவர்கள் கேட்பீர்கள். பிரிட்டன் அரசின் தளத்தில் 2013இல் இதை அளந்து பார்த்தார்கள். 1.1 சதவீத வருகைகளில் ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அதில் வேண்டுமென்றே அணைத்து வைத்தவர்கள் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேரிடம் அது இருந்தும் ஓடவில்லை. சிக்னல் அறுந்திருக்கும், அலுவலக வலையமைப்பு தடுத்திருக்கும், பாதி இறங்கி நின்றிருக்கும். நிலையான இணையம் உள்ள நாட்டிலேயே நூற்றில் ஒருவர். பஸ்ஸில் ஈரோடு போகிற வழியில் டேட்டா விட்டு விட்டு வருகிற நம்மவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகத்தின் ஒரு சராசரிப் பக்கம் போனில் திறக்க 2 எம்பிக்கு மேல் இழுக்கிறது. அதில் நாம் படிக்கப் போகிற எழுத்து மிகச் சிறிய பங்குதான்.

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வரை உள்ளவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி. கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி. நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் காலியிடம் வந்த நொடியில் போனில் மணி அடிக்கிற மாதிரி செய்துகொண்டார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை, உயிர்ப் பயம். ஆனால் போன் இல்லாத விவசாயக் கூலிக்கும், ஆங்கிலம் படிக்கத் தெரியாத தறிக்காரருக்கும் காலியிடம் வந்ததே தெரியாமல் போயிற்று. மே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்டது. ஜூனில்தான் தளத்தில் இந்திய மொழிகள் வந்தன. நேரில் போய் ஊசி போட்டுக்கொள்ளும் வழியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பல கோடிப் பேரைச் சமாளித்த தளம் அது, அந்தப் பொறியாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். படியை எடுத்துவிட்டுச் சாலையை மட்டும் திறந்ததுதான் அங்கே நடந்த பிழை.

நீதிமன்றம் இதில் இன்னும் ஒரு அடி முன்னால் வந்திருக்கிறது. வங்கிக் கணக்குத் தொடங்க, சிம் கார்டு வாங்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள் அல்லவா? ஆசிட் வீச்சில் இமையை இழந்தவர்களால் சிமிட்ட முடியாது. பார்வையற்றவருக்குத் தன் முகம் கேமராவின் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று தெரியாது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தருகிற வாழும் உரிமையின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 20 உத்தரவுகளையும் போட்டது. இனி ‘அவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள்’ என்று சொல்லிக் கழிக்க முடியாது. கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் ஒரு தொழில்நுட்பத் தேர்வுதான். யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் இமை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முடிவு செய்தார்கள்.

இனி நம் நெசவாளர் சங்கங்களின் காரியத்துக்கு வருவோம். எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் வளர்த்தெடுத்த கூட்டுறவு இந்த ஊரின் பலம். சென்னிமலைப் போர்வைக்கு ஊர் ஊராகப் பெயர் இருக்கிறது. அதை இணையத்தில் விற்க வேண்டும் என்று எல்லாச் சங்கத்திலும் பேச்சு நடக்கிறது. ‘ஆப் ஒன்று போட்டுவிடலாமா’ என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு போர்வை வாங்குகிறவர் அதற்காகத் தன் போனில் இடம் ஒதுக்க மாட்டார். இன்ஸ்டாகிராமில் மட்டும் இருக்கலாமா? விளம்பரத்துக்கு இருங்கள், ஆனால் அது வாடகைக் கடை. கணக்கு முடங்கினால் கேட்க ஆள் கிடையாது. அங்கே போட்டது தேடலிலும் சரியாக அகப்படாது. சொந்தப் பெயரில் ஒரு வலைதளம் இருக்கட்டும்.

அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை வாங்குகிறவரிடம் கேளுங்கள். போர்வை சிங்கிளா டபுளா, எத்தனை அடிக்கு எத்தனை அடி, என்ன நம்பர் நூல், துவைத்தால் சாயம் போகுமா, சேலத்துக்கு அனுப்ப எவ்வளவு, யாருக்குப் போன் செய்வது. இவை எல்லாம் எழுத்தாக இருக்கட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள். விலை மாறும்போது உங்களுக்கும் கஷ்டம். போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். போர்வைப் படத்தைச் சுருக்கி 100 கேபிக்குள் வையுங்கள். படத்துக்குப் பின்னால் ‘நீலக் கட்டம் போட்ட டபுள் போர்வை, ஓரத்தில் சிவப்புக் கரை’ என்று விவரம் எழுதுங்கள். கண் தெரியாதவரும் நம் வாடிக்கையாளர்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். தமிழுக்குத் தனி ஃபான்ட் இறக்க வைக்காதீர்கள். ஏறக்குறைய எல்லாப் போனிலும் இப்போது நல்ல தமிழ் எழுத்துரு இருக்கிறது.

இப்போது பெயர்கள். பத்துப் பன்னிரண்டு ரகப் போர்வையும் தொடர்பு விவரமும் உள்ள தளத்துக்கு எழுதி வைத்த எச்டிஎம்எல் பக்கங்களே போதும். சர்வரில் உடைய ஒன்றுமில்லை, செலவும் குறைவு. சங்கத்து ஊழியரே விலையை மாற்ற வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் எடுங்கள். ஆனால் கண்ணில் பட்ட பிளகின் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள், ஏற்றியதைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். ரியாக்டை ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்டது. திரை நொடிக்கு நொடி மாறுகிற செயலிக்கு அது நல்ல கருவி. அதைக் கற்றால் உங்களுக்குக் கோவையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும் என்பதும் உண்மை, கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பயோடேட்டாவுக்குத் தேவை என்பதற்காகச் சங்கத்தின் தளத்தில் அதைப் போடாதீர்கள். அதன் எடையை வாங்குகிறவரின் போன் சுமக்கும்.

செய்து முடித்ததும் உங்கள் புதுப் போனில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை வாங்குங்கள். வெயிலில் நின்று திறந்து பாருங்கள், வெளுத்த சாம்பல் எழுத்து தெரிகிறதா என்று. பாதியில் டேட்டாவை அணையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு போர்வை வாங்க முயலுங்கள். பிறகு ஒரு நெசவாளர் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். ‘இதை அமுக்குங்க அம்மா’ என்று சொல்லவே கூடாது. அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே உங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, செய்து கொடுக்கிற பையனின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ பதிய விடாதீர்கள். சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் போன் எண்ணில் இருக்கட்டும். பாஸ்வேர்டைச் செயலாளரின் பாதுகாப்பில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தணிக்கைத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். தளத்தைச் செய்த தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாலும், அடுத்த பொங்கலுக்குப் போர்வை கேட்டு வருகிறவருக்குத் தளம் திறக்க வேண்டும்.